மேன்ஹாட்டனுக்கு வாடகை பேசிய பெண்கள்

கலை வரலாறு படித்தவர். அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்கத் துணை அதிபருக்குக் கலை ஆலோசகராக இருந்தவர். தன் வயதின் முப்பதுகளின் நடுவில், சம்பள நிச்சயமில்லாத ஆபீஸ் தரகு வேலைக்கு வந்தார் மேரி ஆன் டை. நியூயார்க்கின் வானத்தை மாற்றிய பல ஒப்பந்தங்களில் அவர் கைவண்ணம் இருக்கிறது.

*

2011 மே மாதம். ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்ட செய்தியின் சூடு ஆறவில்லை. அதே மாதத்தில் நியூயார்க்கில் ஒரு வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானது. ‘வோக்’, ‘தி நியூயார்க்கர்’, ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகைகளை நடத்தும் காண்டே நாஸ்ட் நிறுவனம், இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த இடத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒன் வேர்ல்டு டிரேடு சென்டரில் சுமார் 10 லட்சம் சதுர அடியை 25 ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 200 கோடி டாலர்.

அந்தக் கட்டடத்துக்கு அது உயிர்மூச்சு. 541 மீட்டர் உயரக் கோபுரம், பத்தாண்டு கால அரசியல் சண்டை, ‘ஃப்ரீடம் டவர்’ என்று வைத்த பெயரையே மாற்றிக்கொண்ட சங்கடம் எல்லாம் இருந்தன. குடியேறத்தான் ஆள் குறைவு. சீனாவின் வான்டோன் நிறுவனம் 2009-ல் கொஞ்சம் இடம் பேசியிருந்தது. மற்றபடி, ‘அங்கே யார் போய் உட்காருவார்கள்?’ என்பதுதான் ஊர்ப்பேச்சு. மேன்ஹாட்டனின் தென்முனை வங்கிக்காரர்களின் பேட்டை. அங்கே போக ஃபேஷன் பத்திரிகை சம்மதித்தது பலருக்கு ஆச்சரியம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. வாடகைதாரர் தரப்பில் பேச்சை நடத்தியவர் சிபிஆர்இ நிறுவனத்தின் மேரி ஆன் டை. கட்டடத்தின் தரப்பில் குஷ்மன் அண்ட் வேக்ஃபீல்டு நிறுவனத்தின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாரா ஸ்டேகம். அமெரிக்காவின் மிக உயரமான கட்டடத்துக்கு முதல் பெரிய குடியைக் கொண்டுவந்த பேச்சில், மேஜையின் இரு பக்கமும் முன்னால் இருந்தவர்கள் பெண்கள்.

தரகுக்கு முன்னால் ஒரு வாழ்க்கை

மேரி ஆன் பிறந்தது நியூயார்க்கின் சவுத் பிராங்ஸ் பகுதியில். பரம்பரைக் கட்டடக்காரர் குடும்பம் இல்லை. வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தார். ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் வேலை. 1977-ல் எலிசபெத் லாங் என்பவருடன் சேர்ந்து ‘ஆர்ட் அமெரிக்கா’ என்ற புத்தகம் எழுதினார். ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் துணை அதிபர் வால்டர் மாண்டேலுக்குக் கலை ஆலோசகர். பிறகு கலைகளுக்கான தேசிய நிதியத்தின் துணைத் தலைவர். அங்கிருந்து ஏபிசி தொலைக்காட்சிக்குப் போய், கலைக்கென ஒரு கேபிள் சேனலைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். இன்றைய ‘ஏ அண்ட் இ’ சேனலின் முன்னோடி அது.

இப்படி ஒரு ஜாதகத்தோடு 1984-ல் எட்வர்ட் எஸ். கார்டன் கம்பெனியில் தரகராகச் சேர்ந்தார். கார்டன் அந்நாளைய நியூயார்க் தரகர்களில் பெரிய தலை. மேரி ஆனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

கலை உலகத்திலிருந்து கட்டடத் தரகுக்கா என்று புருவம் உயர்த்தலாம். யோசித்துப் பார்த்தால் அவர் கையில் மூன்று விஷயங்கள் ஏற்கெனவே இருந்தன. ஒரு கட்டடத்தைப் பார்த்து, அதைப் பற்றிப் பிறருக்குப் புரியும்படி பேசத் தெரியும். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு எந்த மேஜையில் நிற்கும், எந்த மேஜையில் நகரும் என்று தெரியும். பத்திரிகை, தொலைக்காட்சி முதலாளிகளின் கவலை என்ன என்றும் தெரியும். ஊடக நிறுவனங்கள் பின்னாளில் அவரைத் தேடி வந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை.

சம்பளம் இல்லாத வேலை

இந்தத் தொழிலின் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் அவர் இறங்கிய ஆழம் புரியும்.

ஆபீஸ் தரகருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. டீல் முடிந்தால்தான் காசு. புதிதாக வருபவருக்குச் சில நிறுவனங்கள் மாதாமாதம் ஒரு தொகை தரும். அதுவும் பின்னால் வரப்போகும் கமிஷனில் கழித்துக்கொள்ளும் முன்பணம்தான். பெரிய நிறுவனம் ஒன்று இடம் மாற யோசிக்கத் தொடங்கி, கையெழுத்துப் போட்டு முடிக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் சாதாரணம். நடுவில் பங்குச் சந்தை சரியலாம், நிறுவனத்தின் தலைவர் மாறலாம், ‘இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுவோம்’ என்று இயக்குநர் குழு கையை விரித்துவிடலாம். அத்தனை நாள் உழைப்பும் வீண். கேட்க நாதி இருக்காது.

கமிஷன் வந்தாலும் முழுசாகக் கைக்கு வராது. நியூயார்க் வழக்கப்படி, வாடகைதாரரின் தரகருக்கும் கட்டட உரிமையாளர்தான் கமிஷன் கொடுப்பார். முதல் ஆண்டு வாடகையில் இத்தனை சதவீதம், அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைவிடக் குறைவு என்று படிப்படியாக இறங்கும் கணக்கு அது. அந்தத் தொகையில் கணிசமான பங்கு தரகர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு. மிச்சத்தைக் குழுவினர் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட தொழிலில் ‘பெண்களுக்கு இடமில்லை’ என்று யாரும் பலகை மாட்ட வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் அறிமுகம் கோல்ஃப் மைதானத்திலும் ஆண்கள் கிளப்பிலும் கிடைத்த காலம் அது. அங்கே இல்லாதவருக்கு டீலும் இல்லை. அமெரிக்காவில் பெண் என்ற காரணத்துக்காகக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டமே 1974-ல்தான் வந்தது. மேரி ஆன் தொழிலுக்கு வந்தது அதற்குப் பத்தே ஆண்டுகள் கழித்து.

ஒரு டீலைப் பிரித்துப் பார்ப்போம்

சென்னையில் ஆபீஸ் வாடகையை மாதத்துக்குச் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசுவோம். நியூயார்க்கில் ஆண்டுக்குச் சதுர அடிக்கு இத்தனை டாலர் என்பார்கள். காண்டே நாஸ்ட் பேசியது சுமார் 60 டாலர். 10 லட்சம் சதுர அடிக்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர். 25 ஆண்டுகளுக்கு 150 கோடி. நடுநடுவே ஏறும் வாடகையைச் சேர்த்தால் 200 கோடியை நெருங்கும். சதுர அடிக்கு ஒரே ஒரு டாலர் குறைத்துப் பேசினால்கூட வாடிக்கையாளருக்கு 25 ஆண்டில் இரண்டரைக் கோடி டாலர் மிச்சம்.

ஆனால் கைதேர்ந்த தரகர் வாடகையோடு நிற்பதில்லை. நம் ஊரில் ‘கார்பெட் ஏரியா எவ்வளவு, சூப்பர் பில்ட்-அப் எவ்வளவு’ என்று கேட்கிற அதே கேள்வி அங்கேயும் உண்டு. நியூயார்க்கில் ஒரு முழுத் தளத்தை எடுத்தால், வாடகை கட்டும் பரப்பில் சுமார் கால் பங்கு தூண்களுக்கும் லிஃப்ட் கூடத்துக்கும் பொது இடங்களுக்கும் போய்விடும். மேஜை, நாற்காலி போட முக்கால் பங்குதான். ஆகவே இரண்டு கட்டடங்களில் சதுர அடி வாடகை ஒன்றாக இருந்தாலும், ஊழியர் ஒருவருக்கு ஆகும் செலவு வேறு வேறு. தூண்கள் நெருக்கமாக இருக்கும் பழைய கட்டடத்தைவிட, தூண் குறைந்த புதுக் கட்டடம் வாடகை கூடுதலாக இருந்தும் மலிவாக முடியலாம்.

அடுத்து, எத்தனை மாதம் வாடகை இல்லாமல் இருக்கலாம்? உள் அலங்காரத்துக்கு உரிமையாளர் எவ்வளவு தருவார்? சொத்து வரி ஏறினால் யார் தலையில்? வியாபாரம் பெருத்தால் பக்கத்துத் தளத்தைக் கேட்கும் உரிமை உண்டா? இளைத்தால் உள்வாடகைக்கு விடலாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷரத்து. ஷரத்து ஒவ்வொன்றுக்கும் பல வாரப் பேச்சு.

காண்டே நாஸ்ட் டீலில் இவற்றையெல்லாம் தாண்டி ஒரு முடிச்சு இருந்தது. டைம்ஸ் சதுக்கத்தில் அவர்கள் ஏற்கெனவே இருந்த கட்டடத்தின் வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் சில ஆண்டுகள் பாக்கி. காலி செய்தால் இரண்டு இடத்துக்கும் வாடகை கட்ட வேண்டியிருக்கும். புதுக் கோபுரத்தின் சொந்தக்காரரான துறைமுக ஆணையம் அந்தப் பழைய ஒப்பந்தத்தின் மிச்ச காலத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அந்த முடிச்சு அவிழ்ந்த பிறகே இடமாற்றம் சாத்தியமானது.

யாரும் போகாத இடத்துக்கு முதல் ஆள்

காண்டே நாஸ்டுக்கு மேரி ஆன் பேசிய முதல் பெரிய இடமாற்றம் இது இல்லை.

1990-களின் நடுப்பகுதி வரை டைம்ஸ் சதுக்கம் என்றால் ஆபாசப் படக் கொட்டகைகளும் போதைப்பொருள் கும்பலும் நினைவுக்கு வரும். பெரிய நிறுவனம் எதுவும் எட்டிப்பார்க்கத் தயங்கிய அந்த இடத்தில், கட்டட முதலாளி டக்ளஸ் டர்ஸ்ட் 1996-ல் ஃபோர் டைம்ஸ் ஸ்கொயர் என்ற 48 மாடிக் கட்டடத்தைத் தொடங்கத் துணிந்தார். காண்டே நாஸ்ட் அங்கே போகச் சம்மதித்தது. மாடிசன் அவென்யூவின் பளபளப்பிலிருந்து ‘வோக்’ ஆசிரியர் குழுவை 42-வது தெருவுக்கு நகர்த்துவது என்பது அன்று சாதாரண முடிவல்ல. உள்ளே ஊழியர்களுக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி ஓர் உணவுக்கூடம் வடிவமைத்தார். நீல டைட்டானியத் தகடும் வளைந்த கண்ணாடியுமாக அந்த உணவுக்கூடமே ஊருக்குள் பேச்சானது. சதுக்கத்தின் முகமும் மாறியது.

பதினைந்து ஆண்டு கழித்து அதே வாடிக்கையாளர். மறுபடியும் யாரும் போகத் தயங்கிய இடம். இந்த முறை டர்ஸ்ட் குடும்பம் துறைமுக ஆணையத்தோடு கைகோத்து, ஒன் வேர்ல்டு டிரேடு சென்டரில் 10 கோடி டாலர் பங்குதாரராகவும் இருந்தது. நடுவில் ‘தி நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் எட்டாவது அவென்யூவில் ரென்சோ பியானோ வடிவமைத்த 52 மாடிக் கட்டடத்துக்குப் போனதிலும் மேரி ஆனுக்குப் பங்கு உண்டு. அந்தக் கட்டடம் 2007-ல் திறந்தது.

இந்த டீல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவருடைய வேலைப் பழக்கம் பிடிபடுகிறது.

முதலாவது, இடத்துக்கு முன்னால் வாடிக்கையாளரின் தொழிலைப் படிப்பது. பத்திரிகை நிறுவனத்துக்கு ஆபீஸ் என்பது வெறும் செலவு அல்ல. விளம்பரதாரர் வந்து போகும் இடம். இளம் ஊழியர் வேலைக்குச் சேர ஆசைப்படும் இடம். ‘எங்கே மலிவு’ என்று கேட்டுப் பார்த்தால் இந்த விடை கிடைக்காது.

இரண்டாவது, முதல் ஆளாகப் போவதன் விலையைத் தெரிந்து வைத்திருப்பது. பெரிய குடி ஒன்று கையெழுத்துப் போட்டால்தான் கட்டடத்துக்கு வங்கிகள் துணிந்து கடன் தரும். அடுத்த குடிகளும் வருவார்கள். ஆகவே முதல் பெரிய குடிக்கு உரிமையாளர் இறங்கி வந்தே ஆக வேண்டும். எல்லோரும் விரும்பும் தெருவில் அந்தப் பேரம் நடக்காது. யாரும் விரும்பாத தெருவில் நடக்கும், அந்தத் தெரு பத்தாண்டில் என்னவாகும் என்று கணிக்கத் தெரிந்தால்.

மூன்றாவது, கையெழுத்தோடு உறவை முடித்துக்கொள்ளாதது. 25 ஆண்டு ஒப்பந்தம் முடியும்வரை எந்த வாடிக்கையாளரும் தேவையின்றி இருப்பதில்லை. ஒரு தளம் கூடும், ஒரு தளம் குறையும், ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும். அப்போதெல்லாம் முதலில் யாருக்குப் போன் போகிறது என்பதுதான் தரகரின் சொத்து. காண்டே நாஸ்டிலிருந்து அந்தப் போன் மேரி ஆனுக்குத்தான் போனது.

நாற்காலிகள்

2002-ல் சிபிஆர்இ நிறுவனம் நியூயார்க்கும் சுற்று மாநிலங்களும் அடங்கிய வட்டாரத்துக்கு மேரி ஆனைத் தலைமைச் செயல் அதிகாரியாக அமர்த்தியது. 2010-ல் இன்னொரு நாற்காலி. 1896-ல் தொடங்கிய ரியல் எஸ்டேட் போர்டு ஆஃப் நியூயார்க் என்ற கட்டட முதலாளிகள், தரகர்கள் சங்கத்துக்கு 114 ஆண்டுகளில் முதல் பெண் தலைவர் அவர். தரகர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்ததே 30 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. பெண் என்பதோடு, தரகர் என்பதும் அந்தச் சங்கத்தில் எத்தனை பெரிய தடை என்று இதிலிருந்து ஊகிக்கலாம். கட்டடம் வைத்திருப்பவர்களின் சபையில் வாடகை பேசுபவருக்குத் தலைமை இருக்கை எளிதில் கிடைக்காது.

ஸ்டேகம் சகோதரிகள்

காண்டே நாஸ்ட் பேச்சில் எதிர்த் தரப்பில் இருந்த டாரா ஸ்டேகம் வந்த வழி வேறு. அப்பா மாத்யூ ஸ்டேகம் குஷ்மன் அண்ட் வேக்ஃபீல்டில் தரகர். வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே தொழில் பேச்சு. டாரா அதே நிறுவனத்தில் நிலைத்தார். தங்கை டார்சியும் அங்கேதான் தொடங்கினார். பிறகு போட்டி நிறுவனமான சிபிஆர்இ-க்கு மாறினார்.

டாரா கட்டடங்களுக்குக் குடி பிடிப்பவர். டார்சி கட்டடங்களையே விற்பவர். 2006-ல் மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனம் மேன்ஹாட்டனில் இருந்த ஸ்டைவெசன்ட் டவுன், பீட்டர் கூப்பர் வில்லேஜ் குடியிருப்புகளை விற்றபோது அந்த விற்பனையை நடத்திய தரகர் டார்சி. 11,000-க்கும் மேற்பட்ட வீடுகள், 540 கோடி டாலர். ஒரே சொத்துக்கு அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு பெரிய விலை போனதில்லை. வாங்கியவர்கள் கணக்குப் போட்ட வாடகை உயர்வு நடக்கவில்லை. 2010-ல் கடனைக் கட்ட முடியாமல் சொத்தைக் கடன்காரர்களிடமே ஒப்படைத்தார்கள்.

விற்பனைத் தரகின் இயல்பு இதில் தெரிகிறது. விற்பவருக்கு அதிகபட்ச விலை வாங்கித் தருவது அவர் வேலை. அந்த விலை வாங்குபவருக்குத் தாங்குமா என்று பார்ப்பது வாங்குபவரின் வேலை. குடி பிடித்துத் தரும் தரகருக்கு அப்படிக் கையைத் தட்டிக்கொண்டு எழ முடியாது. தான் கூட்டிப்போன இடத்தில் வாடிக்கையாளர் 20, 25 ஆண்டு இருந்தாக வேண்டும். தவறான இடத்துக்கு அழைத்துப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டு சதவீதங்கள்

மூன்று பேரின் கதையை வைத்து ‘பெண்கள் வென்றுவிட்டார்கள்’ என்று எழுதிவிடலாம். புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் வணிக ரியல் எஸ்டேட் துறைப் பெண்களுக்காகக் ‘க்ரூ நெட்வொர்க்’ என்ற அமைப்பு இயங்குகிறது. அதன் 2020 ஆய்வின்படி, துறையில் பெண்கள் 36.7 சதவீதம். அதற்கு முந்தைய 15 ஆண்டுகளாக அந்த எண்ணிக்கை ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. இதைவிடக் கவனிக்க வேண்டியது வருமானக் கணக்கு. மாதச் சம்பளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி சுமார் 10 சதவீதம். கமிஷன், போனஸில் அந்த இடைவெளி சுமார் 56 சதவீதம்.

இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் ஏன்? சம்பளத்தை எழுதி வைக்கிறார்கள். இந்தப் பதவிக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு உண்டு. கமிஷன் பங்கீடு அறைக்குள் நடக்கும் பேச்சு. வாடிக்கையாளரை அழைத்துவந்தவர் யார், கணக்குப் போட்டவர் யார், கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியவர் யார், கடைசி நாளில் கையெழுத்து வாங்கியவர் யார் என்று நாலு பேர் உரிமை கொண்டாடுவார்கள். இதில் ‘அழைத்துவந்தவர்’ என்ற பெயருக்குத்தான் அதிகப் பங்கு. பெரிய வாடிக்கையாளர்கள் மூத்த ஆண் தரகரின் பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பதிவாகியிருக்கும் நிறுவனத்தில், உள்ளே வரும் இளம் பெண் எத்தனை உழைத்தாலும் அந்தப் பெயர் அவருக்குக் கிடைப்பது அரிது.

மேரி ஆனின் பாதையில் உள்ள பாடமும் இதுதான். அவர் வேறொருவரின் வாடிக்கையாளர் பட்டியலில் ஒண்டிக்கொள்ளவில்லை. கலை, ஊடகம், அரசு என்று தனக்கு முன்பே பழக்கமான உலகம் அவரிடம் இருந்தது. கார்டன் போன்ற மூத்தவர் கைகொடுத்து உள்ளே அழைத்ததும் உதவியது. பல ஆண்டு வேறு துறையில் இருந்தவர் புதுத் தொழிலுக்கு வந்தால் ‘அத்தனை வருஷமும் வீண்’ என்பார்கள். இந்தத் தொழிலில் அந்த ஆண்டுகளே மூலதனம்.

கொரோனாவுக்குப் பிறகு

2020-க்குப் பிறகு ஆபீஸ் வாடகைத் தொழிலே ஆட்டம் கண்டது. வீட்டிலிருந்து வேலை பழகிய ஊழியர்கள் ஐந்து நாளும் திரும்பி வரவில்லை. காண்டே நாஸ்டுக்கே அத்தனை பெரிய இடம் அதிகமாகிப் போனது. 2021-ல் வாடகை விஷயத்தில் கட்டடத் தரப்போடு உரசலும் வந்து, பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடும்போது, பத்தாவது ஆண்டில் என்ன நடக்கும் என்று யாராலும் அறிய முடியாது. உள்வாடகை ஷரத்தையும் தளம் குறைக்கும் ஷரத்தையும் வாரக்கணக்கில் பேசியது எதற்கு என்று அப்போது புரியும்.

நிறுவனங்கள் இப்போது இடத்தைக் குறைத்து, இருக்கும் இடத்தை நல்லதாகக் கேட்கின்றன. ரயில் நிலையத்துக்குப் பக்கம், நல்ல வெளிச்சம், ஊழியர் விரும்பி வரும் கட்டடம். ‘எத்தனை சதுர அடி’ என்று மட்டும் கேட்டுப் பழகிய தரகருக்கு இது கஷ்ட காலம். ‘இவர்கள் ஏன் ஆபீஸுக்கு வர வேண்டும்’ என்று தொடங்குபவருக்கு வேலை கூடியிருக்கிறது. மேரி ஆன் நாற்பது ஆண்டுக்கு முன் அங்கிருந்துதான் தொடங்கினார்.

இந்தத் தொழிலில் பெண்களின் நிலை மாறுவதற்குப் பாராட்டு விழாக்களும் முதல் பெண் பட்டங்களும் போதாது. வேலை தொடங்கும் நாளிலேயே, டீல் முடியும்வரை காத்திருக்காமல், யாருக்கு எத்தனை பங்கு என்று நிறுவனங்கள் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாடகைதாரருக்காக 25 ஆண்டு ஷரத்துகளை வரிவரியாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் கமிஷன் பங்கீட்டை எழுதிக்கொள்வது ஒரு பக்க வேலை.